ஏற்றத்தில் விழாத கியர்

என் சைக்கிளின் பின்சில்லில் ஏழு பல்சக்கரங்கள் இருக்கின்றன. அந்த ஏழிலும் சங்கிலி சத்தமில்லாமல் ஏறி இறங்க வேண்டும். அப்படி ஏறி இறங்காவிட்டால் பிழை எங்கே என்று கண்டுபிடித்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சரி செய்ய என்னால் முடியும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வருவது எனக்கே தெரிகிறது. வரட்டும். நாற்பத்தேழு வயதில், வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடிப் பிளாட்டின் பல்கனியில் குந்தியிருந்து, முழங்கால் விறைக்க விறைக்கக் கற்றுக்கொண்ட வேலை அது. தலைக்கனம்கூட இல்லாவிட்டால் அந்த முழங்கால் வலிக்கு என்னதான் பதில்?

என் தொழில் இரத்தம் எடுப்பது. கொள்ளுப்பிட்டியில் உள்ள ஒரு லாப்பில் வேலை. லாப்புக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்கு விடியற்காலையில் நான் போவேன். அவர்கள் வாயில் தேத்தண்ணீர் படுவதற்கு முன் ஊசி போட்டு, இரத்தத்தைச் சின்னக் குழாய்களில் நிரப்பி, குளிர்ப்பெட்டியில் வைத்து, எட்டு மணிக்குள் லாப்பில் ஒப்படைக்க வேண்டும். முன்பெல்லாம் ஓட்டோவில்தான் போய் வந்தேன். பெட்ரோலுக்காக ஆட்கள் இரவு பகலாக வரிசையில் கிடந்த அந்த மாதங்களில் என் ஓட்டோக்காரர் கையை விரித்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டுக் கவுண்டருக்கு மாறினார்கள். நான் போய் ஒரு பழைய கியர் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு பெட்ரோல் வந்தது. வரிசைகள் போயின. ஓட்டோக்காரரும் சிரித்த முகத்தோடு வந்து நின்றார். நான்தான் திரும்பிப் போகவில்லை. காலை ஐந்து மணிக்கு மரைன் டிரைவில் ஆளில்லாத தெருவும் ஒரு பக்கம் கடலுமாகப் போய்ப் பழகியவளை மறுபடி ஓட்டோவின் பின்சீட்டில் உட்காரச் சொன்னால் எப்படி?

எங்கள் கட்டடத்தின் லிப்டில் ஏறுகிறவர்களுக்கு நான் ஒரு நல்ல பேச்சுப்பொருள். “என்ன, மெலியிறதுக்கோ?” என்று கேட்பார்கள். வீட்டில் சல்லித் தட்டுப்பாடோ என்று கேட்க ஆசைப்பட்டு, அதைக் கேட்காமல் இதைக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் கணவர் அப்படிச் சுற்றி வளைப்பதில்லை. “இந்த வயசிலை உமக்கு ஏன் இந்தச் சேர்க்கஸ்?” என்று நேரடியாகவே கேட்பார். காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க விபத்துக் கடதாசிகளைப் படித்துவிட்டு வருவதால் அவர் கண்ணுக்கு எல்லா லொறியும் என்னை நோக்கியே வரும்.

திங்கட்கிழமைகளில் எனக்குக் கொட்டாஞ்சேனை. ஏற்றமான ஓர் ஒழுங்கையின் உச்சியில் இரண்டு அறை வீடு. அங்கே அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா தன் மகளோடு இருக்கிறார். தையல் கடையில் முப்பது வருடம் இயந்திரம் மிதித்தவர். இப்போது சர்க்கரை, கண்ணும் மங்கல். டொக்டர் இன்சுலின் அளவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் வாரம் ஒரு தடவை வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அந்த அம்மாவின் கையில் நரம்பு பிடிப்பது லேசான காரியம் அல்ல. மேலே தெரிகிற நரம்பு ஊசி பட்டதும் நழுவிவிடும். தெரியாத ஒன்று ஆழத்தில் இருக்கிறது, அதை விரல் நுனியால்தான் தேட வேண்டும். முதல் தடவை நான் போனபோது இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டார். முன்பு வந்தவர்கள் ஐந்து ஆறு இடத்தில் குத்தி, முழங்கை வரை நீலம் பாய வைத்திருந்தார்கள். நான் அவசரப்படவில்லை. தடவித் தடவி இடத்தைக் கண்டுபிடித்து ஒரே தடவைதான் குத்தினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தவர், “எப்ப மிஸ் குத்தப் போறீங்க?” என்று கேட்டபோது குழாய் நிரம்பிவிட்டது. அன்று முதல் அவருக்கு நான்தான். வேறு யாரும் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டாராம்.

இப்படியிருக்கும்போதுதான் சைக்கிள் என் காலை வாரத் தொடங்கியது.

கியர் ஒன்றும் பெரிய மாயமில்லை. கைப்பிடியில் இருக்கிற விசையைத் தட்டினால் ஒரு மெல்லிய கேபிள் இழுபடும். அது கறுப்புக் குழாய்க்குள்ளால் ஓடிப் போய், பின்சில்லின் பக்கத்தில் தொங்கும் இரும்புக் கையைப் பிடித்து இழுக்கும். அந்தக் கை நகர்ந்தால் சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும், மிதிப்பது லேசாகும். விசையைத் தளர்த்தினால் அங்கேயுள்ள ஸ்பிரிங் கேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சங்கிலி சின்னதுக்கு இறங்கும், மிதிப்பது பாரமாகும், வேகம் வரும். கேபிள் குழாய்க்குள் தடையில்லாமல் வழுக்கிப் போய் வர வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அப்போது இதில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. தட்டினால் கியர் விழ வேண்டும், அது மட்டும்தான் தெரியும். அந்தக் கறுப்புக் குழாய்ப் பக்கம் ஏதோ இறுகுது என்று மட்டும் வீட்டில் புறுபுறுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் திங்கட்கிழமை, கொட்டாஞ்சேனை ஏற்றம் தொடங்குகிற இடத்தில் லேசான கியருக்குத் தட்டினேன். விழவில்லை. சங்கிலி இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் நின்று கறகறவென்று அரைத்தது. மறுபடி தட்டினேன். ஏறுவது போல ஏறி வழுக்கியது. கால் வெறுமையில் போனது, நான் விழப் பார்த்தேன். பின்னால் வந்த லொறிக்காரர் ஹோனை அழுத்தினார். இறங்கி, பெட்டியோடும் சைக்கிளோடும் ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இருபது நிமிடம் பிந்திவிட்டது. அம்மா கையை நீட்டினார்.

மறுநாள் வெள்ளவத்தையில் எனக்குப் பழக்கமான சைக்கிள் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே வேலை செய்கிற சிங்களத் தம்பி, எல்லோருக்கும் அவர் ‘மல்லி’, சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். “கேபிள் எக்க புருல், மிஸ்” என்றார். கேபிள் தளர்ந்திருக்கிறதாம். புதுக் கேபிள் போட்டு, இறுக்கி, என் கண் முன்னால் ஓட்டிக் காட்டினார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் தேன்தான். பம்பலப்பிட்டிக்கும் பக்கத்து ஒழுங்கைகளுக்கும் போய் வந்தேன். சங்கிலி நான் நினைக்கும் முன்பே மாறியது.

அடுத்த திங்கட்கிழமை அது இன்னும் மோசமாக நடந்துகொண்டது. காலி வீதியிலேயே ஒரு கியரில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. பலமாகத் தட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று இரண்டு படி பாய்ந்தது. ஏற்றத்தில் சங்கிலி முழுதாகக் கழன்று, பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. தெருவில் குந்தியிருந்து இழுத்தேன். முழங்கை வரை கறுப்புப் பிசின். அந்தக் கையோடு ஊசியைத் தொட முடியுமா? ஒரு தேநீர்க்கடைக் குழாயில் சவர்க்காரம் வாங்கிக் கழுவிக்கொண்டு போனபோது நாற்பது நிமிடம் போய்விட்டது.

அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. இரவு மருந்து போட்ட உடம்பு, காலையில் வயிற்றில் ஒன்றும் இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. மகள் பயந்துபோய் வாயில் சீனியைப் போட்டுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சீனி உள்ளே போனபின் எடுக்கிற இரத்தத்தால் பயனில்லை. நான் பெட்டியைத் திறக்காமலே நின்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். அவள் லாப்புக்குத் தொலைபேசி எடுத்ததும் நியாயம்தான்.

லாப்பின் பொறுப்பாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். என்னைவிட வயதில் குறைந்தவர், நல்ல பெண்.

“நான் உங்களோடை கோவமில்லை, அக்கா. ஆனா அந்த மனிசிக்கு ஏதும் நடந்தா நீங்களும் நானும் பதில் சொல்லேலாது. இன்னொருக்கால் பிந்தினா கொட்டாஞ்சேனையை மோட்டார் சைக்கிள்காரருக்குக் குடுத்திடுவன். அந்த மகளிட்டையும் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன்.”

எங்கள் லாப்பில் மோட்டார் சைக்கிளில் வீடுகளுக்குப் போகிறவர் கெட்டிக்காரர். வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை வரை ஒரு மணித்தியாலத்தில் ஏழு வீடு முடிப்பார். ஆனால் ஏழு வீடு முடிக்கிறவரின் விரலுக்கு ஆழத்து நரம்பைத் தேட நேரம் கிடைக்காது. அந்தக் கைகள் மறுபடியும் நீலமாகும். என்னால்தான் ஆகும். என் சொந்தக் கால் மீது எனக்கு இருக்கிற வீம்புக்கு இன்னொருத்தி கையைக் கொடுப்பதா? ஒரு திங்கட்கிழமைக்கு மட்டும் ஓட்டோ பிடித்துக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்டுப் பார்த்தேன். என் ஓட்டோக்காரர் நான் வேண்டாம் என்று சொன்னபின் அந்த நேரத்தை ஒரு பள்ளிக்கூட ஓட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். விடியற்காலையில் தெருவில் நின்று கிடைப்பதைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்றால், கிடைக்காவிட்டால்? அதோடு, உண்மையைச் சொல்கிறேன், ஓட்டோவில் போய் இறங்க எனக்கு ரோஷமாகவும் இருந்தது.

கடை மல்லியிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை அவர் கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினார். தளர்த்தினால் சங்கிலி ஒழுங்காக இறங்கியது, ஆனால் மேலே கடைசிச் சக்கரத்துக்கு ஏற மறுத்தது. இறுக்கினால் ஏறியது, இறங்க மறுத்தது. தலையைச் சொறிந்தார். சைக்கிளுக்கு வயசாகிவிட்டது, வேறு வாங்குங்கள் என்று சிங்களத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னார். வயசாகிவிட்டது என்ற பேச்சு எனக்கு எந்த மொழியிலும் பிடிக்காது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே தொடங்கினேன். சைக்கிளின் சீட்டைக் கயிற்றால் பல்கனிக் கம்பியில் தொங்கப் போட்டு, பின்சில்லு நிலத்தில் படாமல் தூக்கி நிறுத்தினேன். கறிவேப்பிலைச் சாடியில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்த்தேன். கேபிள் போய் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதை வெளிப்பக்கமாகத் திருகினால் கேபிள் இறுகும், உள்ளே திருகினால் தளரும். ஒரு நேரத்தில் கால் சுற்றுத்தான் திருக வேண்டும். அதற்குக் கீழே இரண்டு ஸ்க்ரூ. சங்கிலி இரு பக்கமும் எல்லை தாண்டாமல் காவல் நிற்பவை. காவல்காரர்களோடு விளையாடாதே என்று வீடியோவில் சொன்னார்கள். நான் விளையாடினேன். சங்கிலி பாய்ந்து போய் ஆரக்கம்பிகளுக்குள் விழுந்தது. அதை வெளியே எடுக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது:

“உயிரோடை இருக்கிறீரோ?”

“இருக்கிறன். சாப்பாட்டைப் போட்டுச் சாப்பிடுங்கோ.”

புதன் பின்னேரம் ஓரளவு பிடிபட்டது. வியாழன் பின்னேரம் முழுதாகப் பிடிபட்டது. ஒரு கையால் மிதியைச் சுற்றிக்கொண்டு மறு கையால் விசையைத் தட்டினேன். டக். அடுத்தது. டக். ஏழு வரை போய் ஏழிலிருந்து திரும்பி வந்தது, நடுவில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. நம்ப முடியாமல் கீழே கொண்டு போய், மரைன் டிரைவிலிருந்து காலி வீதிக்கு ஏறும் ஒழுங்கையில் நாலு தடவை ஏறி இறங்கினேன். நாலு தடவையும் கியர் விழுந்தது. ஒழுங்கையில் நின்ற ஓட்டோக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று என்னைவிடச் சந்தோஷமான பொம்பிளை வெள்ளவத்தையில் இருந்திருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமையும் நல்லபடி ஓடியது. வெள்ளியில் எனக்கு விடியற்காலை வேலையோடு பின்னேரக் கவுண்டர் வேலையும் உண்டு, வீட்டுக்கு வர எட்டு மணியாகும். சனிக்கிழமை ஓய்வு. சைக்கிள் பல்கனியில் நின்றது. ஞாயிறு காலை, நாளைக்கு ஒரு ஒத்திகை பார்ப்போம் என்று அதைத் தொங்கப் போட்டு மிதியைச் சுற்றி விசையைத் தட்டினேன்.

விழவில்லை.

மறுபடி தட்டினேன். சங்கிலி நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, பாதி இறங்கி, கறகறத்தது. குனிந்து திருகைப் பார்த்தேன். வியாழக்கிழமை நான் வைத்த அளவு ஒரு மயிரிழையும் நகரவில்லை. திருகில் பேனையால் அடையாளம் போட்டிருந்தேன், அது அப்படியே இருந்தது. அப்படியானால் என் வேலையில் பிழையில்லை. பிழை வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் போன வாரமும் அப்படித்தான். வெள்ளி வரை தேன், திங்கள் நஞ்சு. கடற்காற்றா? கடற்காற்று வெள்ளிக்கிழமை பார்த்தா வீசுகிறது?

பின்சில்லின் பக்கத்தில் கறுப்புக் குழாய் வளைந்து போய் முடிகிற இடத்தைத் துணியால் துடைத்தேன். துணியில் தடித்த, கபில நிறப் பிசின் வந்தது. சைக்கிள் எண்ணெய் அப்படி இழுபடாது. அதில் மணலும் உப்புத்தூளும் சேர்ந்து களியாகியிருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனேன். நல்லெண்ணெய். அதுவும் வெறும் நல்லெண்ணெய் இல்லை, எரிந்த திரியின் மணம் கலந்தது. கருகிய பஞ்சு நூல் ஒன்றும் ஒட்டியிருந்தது.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பது கணவர்தான். நான் அந்த நேரம் கவுண்டரில் இருப்பேன். விளக்கில் மிஞ்சுகிற எண்ணெயைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது என்று அவர் வீட்டுப் பழக்கம். மறுநாள் காலையில் அதைக் கறிவேப்பிலைச் சாடியில் ஊற்றுவார். கொஞ்ச நாளாக எண்ணெய் படாமல் அந்தச் சாடியின் மண் காய்ந்து கிடந்தது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். இந்த மனிதர் என்னை நிறுத்தப் பார்க்கிறார் என்றுதான் தோன்றியது. வாயால் சொல்லிக் கேட்கவில்லை என்று எண்ணெயால் காரியம் பார்க்கிறார். எனக்குக் கண் மண் தெரியாத கோபம் வந்தது. துணியை எடுத்துக்கொண்டு போய், அவர் விரித்துப் படித்துக்கொண்டிருந்த பேப்பரின் மேல் போட்டேன்.

“இது என்ன? விளக்கு எண்ணெயை என்ர சைக்கிளுக்கு ஊத்தினனீங்களோ?”

அவர் துணியைப் பார்த்தார். மறுக்கவில்லை.

“ஓம். கொஞ்சம்தான். கரண்டியாலை.”

“எவ்வளவு நாளா?”

“இப்ப மூண்டு கிழமையா. சங்கிலிக்கும் விட்டனான், அந்தக் குழாய் வாய்க்குள்ளையும் விட்டனான். அதுதானே இறுகுது எண்டு நீர் சொல்லிக்கொண்டிருந்தனீர்.”

“கால் படுற இடத்திலை ஊத்தக் கூடாது எண்டுதானே சாடிக்குள்ளை ஊத்துறனீங்கள்? சைக்கிள் முழுக்கக் கால் படுற சாமான்தானே! நான் நாளைக்கும் பிந்தினா அந்த மனிசியின்ர கை போகும், என்ர வேலையும் போகும். அது தெரிஞ்சும், என்னைக் கவுண்டரிலை இருத்தத்தானே இப்பிடிச் செய்தனீங்கள்?”

அவர் பேப்பரை மடித்தார். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. அவர் முகம் சின்னதாகிப்போனது. இருபத்திரண்டு வருடமாகப் பார்த்த முகம், அது அப்படிச் சின்னதாகி நான் பார்த்தது குறைவு.

“நீர் அந்த லொறியளுக்கு நடுவாலை போறீர். போகாதையும் எண்டா கேக்க மாட்டீர். எனக்குக் கியரும் தெரியாது, ஒண்டும் தெரியாது. சாமிக்கு வைச்ச எண்ணெய். அது பட்டா உமக்கு ஒண்டும் நடக்காது எண்டு நினைச்சன். வேற என்னத்தை நான் செய்யிறது?”

நான் அந்த இடத்திலேயே நின்றேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்று வாரமாக என் சைக்கிளைக் கெடுத்தது அவருடைய பயமும் அன்பும்தான். அதைப் போய்ச் சதி என்று சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் பெரிதாக இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த விதத்தில் கேட்டேன்.

“எழும்பி வாங்கோ. சில்லைச் சுத்துறதுக்கு ஒரு கை வேணும்.”

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. திங்கள் காலைக்கு முன் இருக்கிறது அந்த ஒரு பகல்தான். சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றிவிட்டு, மிதியைச் சுற்றாமல் விசையை மட்டும் தளர்த்தினால் கேபிள் தொய்ந்து போகும். அப்போது கறுப்புக் குழாயை அது இருக்கும் பிடியிலிருந்து லேசாகக் கழற்றி நகர்த்தலாம். கேபிளை அறுக்கவோ அவிழ்க்கவோ தேவையில்லை. அதை நான் புதன்கிழமையே படித்து வைத்திருந்தேன். குழாயை நகர்த்தியதும் உள்ளே கேபிள் முழுவதும் கபிலக் களி அப்பியிருப்பது தெரிந்தது. அதைப் பார்த்து அவர் ஒரு சத்தம் போட்டார்.

“ஐயோ, இவ்வளவுமோ நான்?”

“இவ்வளவும் நீங்கள்தான்.”

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கேபிளைத் துடைத்துக் கொண்டே போனேன். குழாய்க்குள்ளே லாப்பிலிருந்து கொண்டுவந்த ஊசிக்குழலால் மண்ணெண்ணெய் பீச்சினேன். மறுபக்கத்தால் கறுப்புத் தண்ணீராக வந்தது. தெளிகிற வரைக்கும் பீச்சினேன். பிறகு காய வைத்து, கேபிளில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டே இரண்டு துளி விட்டேன். சங்கிலியை அவர் கழுவினார். ஒவ்வொரு கணுவாக, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால், கந்தோர் கடதாசியைப் பார்க்கிற அதே கவனத்தோடு கழுவினார். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் நடந்தது.

குழாயைத் திரும்பப் பொருத்திய பின் அவர் மிதியைச் சுற்றினார், நான் விசையைத் தட்டினேன். சின்னதுக்கு இறங்கியது. இறங்கும்போது இழுபறியில்லை. மேலே ஏற்றும்போது கடைசிச் சக்கரத்துக்குக் கொஞ்சம் தயங்கியது. திருகை வெளியே கால் சுற்றுச் சுற்றினேன்.

“இப்ப?” என்றார்.

“சுத்துங்கோ.”

தயக்கம் குறைந்தது. இன்னொரு அரைக்கால் சுற்று. ஏறியது. மறுபடி எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். ஏற்றினேன். அவர் சில்லுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டு போய் வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை என்றார். அவர் முகத்தில் அப்போது வந்த பெருமையைப் பார்த்தால், கியரைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் அவருக்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையை விட்டேன். காலி வீதியில் கொள்ளுப்பிட்டியைத் தாண்டும் வரைக்கும் கியரைத் தேவையில்லாமல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே போனேன். கோட்டைப் பக்கம் போனதும் பார்ப்பதை நிறுத்தினேன். பார்த்தது போதும், இனி விழாவிட்டால் விழாதது என்று ஒரு முடிவு. புறக்கோட்டையில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு நடுவால் வளைந்து, செட்டியார் தெருவைக் கடந்து, கொட்டாஞ்சேனை ஏற்றத்தின் அடியில் வந்தேன். பின்னால் ஒரு லொறி.

ஏற்றம் தொடங்குவதற்கு ஐந்து முழம் முன்பே தட்டினேன். விழுந்தது. இன்னொன்று தட்டினேன். விழுந்தது. கால் லேசானது. நடு ஏற்றத்தில் சரிவு கூடுகிற இடத்தில் கடைசிச் சக்கரத்துக்குத் தட்டினேன். அதுவும் விழுந்தது, சத்தமே இல்லாமல். மெதுவாகத்தான் போனேன், லொறி என்னைத் தாண்டிப் போனது, ஆனால் ஒரு காலும் நிலத்தில் படவில்லை. உச்சிக்கு வரும்போது எனக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டு போகிற என்னைப் பார்த்து, பால் வாங்க வந்த ஒரு மனிதர் ஒதுங்கி வழி விட்டார்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மா நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சீனியோடு நின்றாள். பயந்திருக்கிறார்கள். சுவர் மணிக்கூட்டில் ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

“என்ன மிஸ், இவ்வளவு வெள்ளனவே வந்துட்டீங்க?” என்றார் அம்மா. குரலில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

“வந்துட்டன் அம்மா. கையைத் தாங்கோ.”

கையைக் கழுவி, இரப்பர் பட்டியைக் கட்டி, விரலால் தேடினேன். இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒரு தடவை. குழாய் நிரம்பியது. பஞ்சை வைத்து அழுத்தினேன். மகள் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள், தேத்தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது.

நான் குழாயில் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா மற்றக் கையால் போனை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போய் இலக்கத்தைத் தேடினார். யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பேசத் தொடங்கிய பிறகுதான் லாப்பின் பொறுப்பாளருக்கு என்று விளங்கியது.

“ஆமாங்க, நான்தான் பேசுறேன். கொட்டாஞ்சேனை. நம்ம சைக்கிள் மிஸ் வந்துட்டாங்க. ஆறு மணிகூட ஆகல. ரத்தமும் எடுத்தாச்சு, ஒரே குத்து. அந்த மோட்டார் சைக்கிள்காரர் பேர எனக்குன்னு எழுதி வச்சிருந்தா கோடு போட்டு அடிச்சிருங்க. எனக்கு இவங்கதான் வரணும்.”

மறுபக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா, “சரிங்க, சரிங்க” என்று சொல்லி போனை மடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “அடிச்சிட்டாங்களாம்” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு குழாயில் பெயர் ஒட்டினேன். கண்ணில் நீர் நின்றதால் எழுத்துச் சரியாகத் தெரியவில்லை. ஒட்டியது கோணலாகிப்போனது. பரவாயில்லை என்று விட்டுவிட்டு, பெட்டியை மூடினேன்.